மாமா வீட்டு ஃபியட்டா, செகண்ட் ஹேண்ட் போலோவா?

கேள்வி: வணக்கம் சார். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், வயது 37. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் வேகன் ஆர் இருக்கிறது, அதை என் மனைவி காட்பாடியில் தான் டீச்சராக இருக்கும் ஸ்கூலுக்கு எடுத்துப்போகிறார். எனக்கென்று ஆசைக்கு ஒரு கார் வாங்க 7 லட்சம் சேர்த்திருக்கிறேன். ஆரணியில் மாமா வீட்டு ஷெட்டில் தாத்தாவுடைய 1986 பிரீமியர் பத்மினி ஆறு வருஷமாக ஓடாமல் நிற்கிறது. ஆர்.சி. இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கிறது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் அதில்தான் எல்லோரும் அடைத்துக்கொண்டு படவேடு கோயிலுக்குப் போவோம், ஜன்னல் ஓரத்துக்கு நானும் தங்கையும் சண்டை போடுவோம், அந்த சீட் வாசனை இன்னும் மறக்கவில்லை. மாமா 1,75,000 கேட்கிறார். இன்னொரு பக்கம் சென்னையில் 2021 போலோ 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல் ஒன்று, 45,000 கிலோமீட்டர் ஓடியது, 6.8 லட்சம் சொல்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், மூன்றாவது கியரில் அது இழுத்த இழுப்பு இன்னும் கையில் இருக்கிறது. பையனுக்கு 7 வயது. மாதம் ஒருமுறை ஏலகிரி போகவேண்டும் என்று ஆசை. மனைவி, இரண்டு காரும் வேண்டாம், ஹாலுக்கு ஒரு ஏ.சி. போடுங்கள் என்கிறார். எதை வாங்கினால் சந்தோஷமாக ஓட்டலாம்?

பதில்:

தம்பி, முதலில் அந்த ஏ.சி.யைப் போட்டுவிடுங்கள். வேலூரில் ஏப்ரல், மே எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு லட்சத்தில் ஒரு நாற்பதாயிரம் போனால் கார் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் மாறாது, ஆனால் ஆசைக்கு வாங்குகிற கார் வீட்டில் ஒருத்தர் முகம் சுளிக்க வந்து நின்றால், ஒவ்வொரு ஞாயிறும் சாவியை எடுக்கும்போதே ஒரு பேச்சு வாங்கிக்கொண்டுதான் கிளம்பவேண்டி வரும். என் பட்டறைக்கு, விற்க விலை கேட்டு வருகிற ஆசைக் கார்களில் பல, கோளாறு என்பதற்காக வருவதில்லை, வீட்டில் சண்டை என்பதற்காக வருகின்றன.

சரி, இப்போது காருக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஃபியட்டைப் பற்றி (ஆர்.சி.யில் பத்மினி என்று இருந்தாலும் நம் ஊரில் அது என்றைக்கும் ஃபியட்தான், 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று பம்பாயில் செய்ய ஆரம்பித்த வண்டிக்கு எழுபதுகளில்தான் பத்மினி என்று பெயர் வைத்தார்கள்) நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே பின் சீட்டில் உட்கார்ந்தவர் எழுதியது. ஜன்னல், தங்கை, சீட் வாசனை. அதை நீங்கள் ஒரு நாளும் ஓட்டியதில்லை என்று நினைக்கிறேன், ஓட்டியிருந்தால் கியரைப் பற்றி ஒரு வார்த்தையாவது வந்திருக்கும். போலோவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அது ஸ்டியரிங் பிடித்தவர் எழுதிய வரி. எதை வாங்கினால் சந்தோஷமாக ஓட்டலாம் என்றுதானே கேட்கிறீர்கள், அதற்கு உங்களிடம் இப்போது பாதித் தகவல்தான் இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் கடைசியில் நீங்களே ஒரு ஃபியட்டில் ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபியட்டை ஓட்டுவது இப்படி இருக்கும். காலையில் சோக்கை (குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடுகிற குமிழ்) இழுத்து ஸ்டார்ட் செய்கிறீர்கள், இஞ்சின் கொஞ்சம் முக்கி முனகிப் பிடிக்கிறது, சூடாகிறவரை சோக்கை உள்ளே தள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போகவேண்டும். கியர் கீழே இருக்காது, ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே இருக்கும், நம் ஆட்கள் ஹேண்ட் கியர் என்பார்கள். நாலு கியர். கியர் கம்பிகளை இணைக்கிற லிங்கேஜ் புஷ் தேய்ந்திருந்தால் இரண்டாவதைத் தேடிப் பிடிப்பதற்குள் பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்துவிடுவார். ஸ்டியரிங்குக்குப் பவர் கிடையாது, ஓடும்போது தெரியாது, லாங்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது தோள்பட்டைக்குத் தெரியும். 1,089 சி.சி. இஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன், அவ்வளவுதான். ஓவர்டேக் செய்வது என்றால் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்போ வேண்டாம் என்கிறாரா என்று நினைக்காதீர்கள், இதில்தான் ருசியே இருக்கிறது. ஐம்பதில் போகும்போதே வண்டி தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துகொண்டிருக்கும், உங்கள் கையும் காலும் காதும் சும்மா இருக்காது. பாகாயம் தாண்டி அடுக்கம்பாறை வழியாகக் கண்ணமங்கலம் போகிற ரோட்டில், காலை ஆறரை மணிக்கு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு மாற்றும்போது கியர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால், அந்த ஒரு மாற்றத்துக்காகவே திரும்பவும் மூன்றாவதுக்கு இறக்கி இன்னொரு தடவை போடத் தோன்றும். அது எல்லோருக்கும் தோன்றுவதில்லை. சிலருக்கு அரைமணி நேரத்தில் கை வலிக்கும், எரிச்சல் வரும், இதைத்தான் தாத்தா ஓட்டினாரா என்று ஆகிவிடும்.

போலோ நேர் எதிர். 999 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ, 110 பி.எஸ்., 1,750 ஆர்.பி.எம்.மிலேயே 175 நியூட்டன் மீட்டர் டார்க் வந்துவிடும், ஆறு கியர். நீங்கள் சொன்ன அந்த மூன்றாவது கியர் இழுப்பு இதுதான். நல்ல வண்டி, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த இழுப்பை நீங்கள் எங்கே அனுபவிக்கப் போகிறீர்கள்? கிரீன் சர்க்கிள் நெரிசலில் முடியாது. ஆற்காடு ரோட்டில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே முதல், இரண்டு, முதல், இரண்டு, அதற்கு வேகன் ஆரே போதும். நாற்கர ரோட்டில் ஏறினால் மூன்றாவது கியரில் நாலு விநாடி மிதித்தால் சட்டம் அனுமதிக்கிற வேகம் முடிந்துவிடும், அதற்கு மேல் கண்டெய்னர் லாரிகள், நடுவில் குறுக்கே வருகிற பைக்குகள், பள்ளிகொண்டா டோல். போலோவின் சந்தோஷம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், கிடைக்கும்போது தித்திப்பாக இருக்கும்.

அந்தத் துண்டு முழுசாகக் கிடைக்கிற இடம் ஏலகிரி. அதையும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். போலோவில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டு, வளைவுக்கு முன் பிரேக், உள்ளே திருப்பி, வெளியே வரும்போது மிதித்தால் டர்போ அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போகும். பக்கத்தில் பையனுக்கு வாந்தி வராதவரை நல்ல விளையாட்டு. ஃபியட்டில் ஏறுவதும் ஏறலாம், தாத்தாக்கள் எல்லாம் ஏறியவர்கள்தான், ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மே மாதத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என்றால் பாதி மலையில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும், ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்து காத்திருக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். காலை எடுக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிப்பு குறைந்துகொண்டே வரும், மிதி ஆழமாகப் போகும், ஆனால் வண்டி நிற்காது. இரண்டாவது கியரிலேயே, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு, விட்டு விட்டு பிரேக் போட்டு இறங்கத் தெரியவேண்டும். ஏறின கியரில்தான் இறங்கவேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் சமாதானமே பேச மாட்டேன். ஃபியட்டில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பின் சீட்டில் பெல்ட் இல்லை. பழைய பிரேக் ஏற்பாட்டில் லைன் ஒற்றையாக இருக்கும், ஒரு சக்கரத்தில் வீல் சிலிண்டர் ரப்பர் கிழிந்து ஆயில் கசிந்தாலே நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இப்போதைய கார்களில் இரண்டு தனி லைன், ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். அதனால் ஃபியட் வாங்கினால் சென்னை - பெங்களூரு ரோட்டில் பையனை வைத்துக்கொண்டு போகாதீர்கள். குடும்பத்தோடு ஏலகிரி என்றால் வேகன் ஆர். ஃபியட்டுக்கு அமிர்தி, படவேடு, திருவலம் இரும்புப் பாலம் பக்கம் ஒரு டீ, இந்த மாதிரி ஊர் ரோடுகள். முன்சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் போடலாம், பில்லரில் கெட்டியான இடம் பார்த்து வெல்டிங் செய்து போல்ட் போடவேண்டும், சும்மா தகட்டில் ஸ்க்ரூ போட்டுத் தருகிறவரிடம் போகாதீர்கள்.

இப்போது மாமா வீட்டு வண்டி. அது ஓடுமா என்பதற்கு முன்னால் அது யாருடையது என்று பார்க்கவேண்டும். ஆர்.சி. தாத்தா பெயரில் இருந்தால் மாமா கையெழுத்துப் போட்டு உங்களுக்கு விற்க முடியாது. முதலில் தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்று, அதில் இருக்கிற மற்ற வாரிசுகளின் சம்மதம், அதை வைத்துப் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்றி, அதற்கப்புறம்தான் உங்கள் பெயர். அந்த வாரிசுச் சான்றில் உங்கள் அம்மா பெயரும் இருக்கும், கவனித்தீர்களா? தாத்தா காரில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. 1,75,000-ஐ அதை வைத்து எப்படிக் குறைப்பது, குறைக்கலாமா என்பதெல்லாம் நீங்கள், அம்மா, மாமா மூன்று பேரும் பேசிக்கொள்ளுங்கள், அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

அடுத்தது ஆர்.சி. காலம். 1986-ல் பதிவான கார் என்றால் 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷம், கணக்குப் போட்டால் 2021-ல் முடிந்திருக்கும். ஆறு வருஷமாக நிற்கிற வண்டிக்கு யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். 2022 ஏப்ரலிலிருந்து தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது. புதுப்பிக்கிற கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது, 2022-ல் 5,000 ஆனது, 2025-ல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அதோடு பசுமை வரி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கான வேலை. டெல்லி மாதிரி இத்தனை வருஷம் ஆனால் ஓட்டவே கூடாது என்ற தடை நம் பக்கம் இல்லை, எஃப்.சி.யில் பாஸானால் ஓட்டலாம். யாராவது வின்டேஜ் என்று பதிவு செய்துவிடலாம், செலவு மிச்சம் என்று சொன்னால் நம்பாதீர்கள். 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு அது 2036-ல்தான். அப்படிப் பதிவு செய்தாலும் கண்காட்சிக்கும் ராலிக்கும் ரிப்பேருக்கும்தான் ரோட்டில் எடுக்கலாம், தினப்படி ஓட்ட முடியாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஃபியட் இஞ்சினை எந்த லேத் பட்டறையிலும் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செய்துவிடலாம், செலவு தெரிந்த செலவு. பார்க்கவேண்டியது உடம்பு. அம்பாசடர் மாதிரி தடித்த தகடு இல்லை, தனி சேஸிஸும் கிடையாது, தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதியும்தான் வண்டியைத் தாங்குகின்றன, அங்கே துரு ஏறினால் வண்டியே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பகுதி, மட்கார்டு வளைவு, டிக்கியின் தரை, பேட்டரி உட்காருகிற தட்டு, இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். பிடித்த காந்தம் ஓர் இடத்தில் வழுக்கி விழுந்தால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி இருக்கிறது. பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. உள்ளே கால் வைக்கிற மிதியடியைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள், டங்கென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் மாமாவிடம் விலை பேச ஒரு காரணம் கிடைத்தது. அப்புறம் எலி. ஆரணியில் அரிசி ஆலைக்கும் குறைவில்லை, எலிக்கும் குறைவில்லை. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பார்த்தால் நெல் உமி இருக்கும், டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரிங்கைத் தின்றிருக்கும்.

ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று மாமா பேட்டரியைக் கொண்டுவருவார், தயவுசெய்து விடாதீர்கள். ஆறு வருஷம் நின்ற இஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, இஞ்சின் சுற்றுகிறது என்று தெரிந்த பிறகு, ஆயில் மாற்றி, டாங்கை இறக்கிக் கழுவி, அதற்கப்புறம்தான் செல்ஃப். வேலூருக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும், கயிறு கட்டி இழுத்துவர வேண்டாம், பிரேக் இல்லாத வண்டி அது.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் பேக்கிங் எதுவும் அதற்காகச் செய்ததில்லை, ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், நின்றே கிடக்கிற வண்டியில் டாங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். ஹோஸ்களை எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றவேண்டும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினால்தான் கலவை சரியாக இருக்கும், இல்லாவிட்டால் ஏற்கெனவே சூடாகிற வண்டி இன்னும் சூடாகும். வெயிலில் நின்று கிளம்பும்போது பம்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி இழுக்காமல் நிற்பதும் அதிகமாகிவிட்டது. ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கிளம்பும், அதனால் டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய துண்டும் எப்போதும் இருக்கட்டும். வாரம் ஒருமுறையாவது ஓட்டவேண்டும், மூன்று மாதம் நிறுத்துவதாக இருந்தால் டாங்கைக் காலி செய்துவிடவேண்டும்.

பாகங்கள் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆனாலும் மும்பையில் டாக்சியாக ஓடிக்கொண்டிருந்தவரை ஃபியட் சாமான்கள் தாராளமாக வந்தன. 2023 அக்டோபரோடு அங்கே கடைசி பத்மினி டாக்சியும் நின்றுவிட்டது. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் கிட், கிங் பின் செட், இவை இன்னும் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். கிடைக்காதது பீடிங், லைட் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, இந்த மாதிரி அலங்காரச் சாமான்கள். அதனால் மாமா ஷெட்டின் மூலையில் கழற்றிப் போட்ட எந்த டப்பாவையும் விட்டுவிட்டு வராதீர்கள், பழைய இரும்புக்காரர் கண்ணில் படுவதற்குள் எல்லாவற்றையும் டிக்கியில் அள்ளிப் போடுங்கள்.

செலவு என் பட்டறைக் கணக்கில் சொல்கிறேன், உடம்பு நன்றாக இருந்தால் பிரேக், பெட்ரோல் லைன், ரேடியேட்டர், ஒயரிங், டயர், சீட், இஞ்சின் வேலை எல்லாம் சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டு லட்சம். உடம்பு போயிருந்தால் நாலு லட்சம் தாண்டினாலும் முடிந்தது என்று சொல்ல முடியாது, அந்த வண்டியை மாமா சும்மா கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். முக்கியமான ஒன்று, வண்டியை ஒரேயடியாகப் பிரித்துப் போட்டு, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரித்துப் போட்ட வண்டி டிங்கரிங் பட்டறையில் வருஷக்கணக்கில் நிற்கும், அட்வான்ஸ் வாங்கினவர் போனை எடுக்க மாட்டார், கதவுகள் வேறு யாரோ வீட்டு மொட்டைமாடியில் இருக்கும். முதலில் பிரேக்கும் டயரும், பிறகு பெட்ரோல், தண்ணீர், கரண்ட், இவற்றைச் செய்து ஓட்ட ஆரம்பித்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டே மாதம் ஒரு வேலை. பெயின்ட் கடைசியில்.

போலோ பக்கத்துக்கும் இரண்டு வார்த்தை. நீங்கள் பார்த்த 2021 வண்டி 1.0 இஞ்சின், மேனுவல், அதில் பெரிய தலைவலி இல்லை. (விலை குறைவாக இருக்கிறதே என்று பழைய 1.2 டி.எஸ்.ஐ. ஆட்டோமேட்டிக்குக்குத் தாவிவிடாதீர்கள், அதிலிருப்பது ஆயிலில் ஊறாத டிரை கிளட்ச் வைத்த டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ், நம் ஊர் வெயிலும் நெரிசலும் அதற்கு ஆகாது, கியர்பாக்ஸை இயக்குகிற மெகட்ரானிக் யூனிட் போனால் வருகிற பில்லைப் பார்த்தால் ஃபியட்டே மலிவு என்று தோன்றும்.) இந்தக் காரை வாங்குகிற பையன்கள் நிறைய பேர் ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) போட்டுக் குதிரைத்திறனை ஏற்றி ஓட்டியிருப்பார்கள், விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார்கள். சர்வீஸ் ஹிஸ்டரியை அச்சடித்துக் கேளுங்கள், சைலென்சர், ஏர் ஃபில்டர் ஒரிஜினலா பாருங்கள், கிளட்ச் 45,000-க்குள் மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். போலோ இந்தியாவில் 2022-லேயே நின்றுவிட்டது, சாமான் கிடைக்கும், விலைதான் கையைக் கடிக்கும். அப்புறம், 6.8 லட்சம் கொடுத்துவிட்டால் உங்கள் 7 லட்சத்தில் ஏ.சி.க்கு எங்கே போவீர்கள்?

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. 1993-ல் வந்த பழைய ஜென், 2000 வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக். எடை குறைவு, ஸ்டியரிங் கையோடு பேசும், ஏ.சி. உண்டு, ஊர் வேகத்திலேயே ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் தாத்தா ஜென் வைத்திருக்கவில்லை, அதனால் இதை நீட்டவில்லை.

என் முடிவைக் கேட்டால், வேகன் ஆர் வீட்டில் இருக்கிறவரை, தகடு நன்றாக இருக்கிற பட்சத்தில், ஃபியட். காரணம் உணர்ச்சி இல்லை. தினமும் ஆபீஸ் போக உங்களுக்குக் கார் தேவையில்லை, பஸ் இருக்கிறது. வண்டி நிறுத்த இடமிருந்தால் ஃபியட் ஒரு வாரம் கிளம்பாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஏழு லட்சத்தில் பாதிதான் போகும். உங்கள் ஆசை ஓடப்போவது வேலூரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர் ரோடுகளில், அங்கே நாற்பது குதிரை போதும். வேகன் ஆரை விற்றுவிட்டு ஒரே காராக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் போலோ என்றிருப்பேன். அதே மாதிரி, கையில் அழுக்குப் படுவது பிடிக்காது, பானெட்டைத் திறந்தால் கோபம் வரும் என்றாலும் போலோதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மாமாவுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஓடுகிற ஒரு ஃபியட்டை ஓட்டிப் பாருங்கள். என்னிடம் சர்வீஸுக்கு வருகிற ஒரு பெரியவர் வைத்திருக்கிறார், சொல்லி வைக்கிறேன், மறுக்க மாட்டார். காலை நேரத்தில் வராதீர்கள், காலையில் எல்லாக் காரும் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு வாருங்கள், தொரப்பாடி வழியாகப் பாகாயம் போய்த் திரும்பி வாருங்கள், வருகிற வழியில் மார்க்கெட் பக்கம் ஒருமுறை சுற்றுங்கள், ஓரிடத்தில் ரிவர்ஸ் எடுங்கள். பின்சீட்டில் பையனையும் மனைவியையும் உட்காரவைத்தால் இன்னும் நல்லது, அவர்கள் அபிப்பிராயமும் அன்றைக்கே தெரிந்துவிடும். இறங்கும்போது சட்டை நனைந்திருக்கும், அந்த நேரத்திலும் இன்னொரு ரவுண்டு போகலாமா என்று கேட்டீர்களானால் ஆரணிக்குக் கிளம்பலாம்.

அங்கே போனதும் காந்தத்தை எடுப்பதற்கு முன்னால் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் உள்ளே பழைய பெட்ரோல் கோந்தாகிவிட்டது, டாங்க், லைன், கார்புரேட்டர் மூன்றுக்கும் வேலை இருக்கிறது, மாமாவிடம் அதற்கென்று தனியாகப் பத்தாயிரம் குறைத்துக் கேளுங்கள்.